பாலியல் நோயா, பால்வினைத் தொற்றா?

பள்ளியில் கொடுத்த துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து அக்கா மகன் கேட்டான்: "மாமா, பஸ் ஸ்டாண்டு சுவர்ல லாட்ஜ் டாக்டர் நோட்டீஸ் ஒட்டியிருக்கே, அந்த நோய்தானே இது?" தலைப்பு 'வளரிளம் பருவமும் பாலியல் நோய்களும்'. அவன் மேல் தப்பில்லை. அந்த நோட்டீஸிலும் இதே சொல்தான். அங்கே அதற்கு ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி என்று பொருள். வளரும் உடம்பில் இயல்பாக நடப்பதையெல்லாம் நோய் என்று பயமுறுத்திக் காசு பிடுங்குகிறவர்களின் சொல், உடலுறவால் பரவும் கிளமிடியாவையும் சிபிலிஸையும் விளக்க வந்த தாளில் எதற்கு?

நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: பால்வினை. ஆண்பால், பெண்பால் என்பதில் உள்ள அதே பால்; வினை என்றால் செயல். எப்படி வருகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. 'பொம்பளை சீக்கு' மாதிரி யார் தலையிலும் பழி போடவில்லை. சித்த மருத்துவத்தின் 'மேகநோய்' பழைய சொல்தான், ஆனால் மதுமேகம் என்றால் நீரிழிவு.

வினை என்றதும் முன்வினை, பாவம் என்று தொனிக்கிறதாம். வினைச்சொல், வினைமுற்று என்று தினமும் படிக்கிற பிள்ளைக்கு அப்படித் தொனிக்காது. அதற்காக 'பால்வழித் தொற்று' என்கிறார்கள் சிலர். பால்வழி நாம் வாழும் விண்மீன் மண்டலத்தின் பெயர். சரி, அதை விடுவோம். தாய்ப்பால் வழியாக என்று ஒருவர் எடுத்துக்கொண்டால்? எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் பரவக்கூடியது என்பதால் அந்தத் தவறு தவறாகவே தெரியாது.

'பால்வினை நோய்' என்ற சொல்லில் நான் மாற்றச் சொல்வது 'நோய்' என்பதை மட்டும்தான். கிளமிடியா பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது, அப்போதும் பரவும். நோய் என்று சொன்னால், 'எனக்குத்தான் ஒண்ணுமில்லையே' என்று பரிசோதனைக்கே போகமாட்டார்கள். தொற்று என்றால் அந்தச் சாக்கு கிடையாது. ஆங்கிலத்திலும் இப்போது தொற்று என்றே சொல்கிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கோ எல்லாவற்றுக்கும் 'பாலியல்'தான். பாலியல் கல்வி, பாலியல் தொழில், பாலியல் வன்கொடுமை, அப்புறம் பாலியல் நோய். நாளிதழில் வன்கொடுமைக்குப் பக்கத்திலேயே பார்த்துப் பழகிய சொல்லைச் சொல்லி எந்தப் பிள்ளை டீச்சரிடம் வாய்விட்டுச் சந்தேகம் கேட்கும்?

துண்டறிக்கையின் தலைப்பை அடித்து 'பால்வினைத் தொற்று' என்று எழுதினேன், பக்கத்திலேயே 'உடலுறவால் பரவுவது' என்றும். கடைசி வரியில் 'தகுந்த சாதனத்தைப் பயன்படுத்தவும்' என்று இருந்தது. என்ன சாதனம் என்று தாள் முழுக்கத் தேடினாலும் இல்லை. அதையும் அடித்துவிட்டு 'ஆணுறை' என்று எழுதிக் கொடுத்தேன்.