‘மெட்டீரியல் சப்போர்ட்’: பொருளுதவியா, ஆதரவா?

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் அகதிகளைப் பெரிதும் அலைக்கழித்த சொற்றொடர் ‘மெட்டீரியல் சப்போர்ட்’. ஒரு பயங்கரவாத அமைப்புக்கு இதைச் செய்தவர் என்று முடிவானால், அகதி நிலை, தஞ்சம், கிரீன் கார்டு மூன்றுக்கும் கதவு அடைபடும். தமிழில் இதைப் ‘பொருளுதவி’ என்கிறார்கள், ‘பொருள் ஆதரவு’ என்கிறார்கள், சில நேரம் வெறுமனே ‘ஆதரவு’ என்றும் எழுதிவிடுகிறார்கள். கடைசிச் சொல்தான் என்னை உறுத்துகிறது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வேர். ‘மெட்டீரியல்’ லத்தீனின் ‘மாத்தேரியா’விலிருந்து வந்தது, மரம், கட்டுமானத்துக்கான மூலப்பொருள் என்று அர்த்தம். ‘சப்போர்ட்’ என்பதும் லத்தீன்தான்: கீழிருந்து சுமத்தல், தாங்குதல். ஆனால் ஆங்கிலச் சட்டமொழியில் ‘மெட்டீரியல்’ என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. வழக்கின் போக்கையே மாற்றக்கூடிய உண்மையை ‘மெட்டீரியல் ஃபேக்ட்’ என்பார்கள். அங்கே அது பொருளைக் குறிக்கவில்லை, கனத்தைக் குறிக்கிறது.

இந்தத் தொடர் 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதுங்கிடம், போக்குவரத்து, தகவல்தொடர்பு, பணம், போலி அடையாள ஆவணம், ஆயுதம், வெடிபொருள், பயிற்சி என்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. பயங்கரவாதத்தை எதிர்க்க வந்த 2001இன் பேட்ரியட் சட்டமும், அடையாள அட்டை, குடிவரவு விதிகளை இறுக்கிய 2005இன் ரியல் ஐடி சட்டமும் இதன் வீச்சை விரித்தன. இன்று வெளியுறவுத் துறை தடைசெய்த அமைப்புகளோடு இது நிற்பதில்லை. ஆயுதத்தால் தாக்கும் இரண்டு பேர் சேர்ந்தாலே, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாவிட்டாலும், அதைப் பயங்கரவாத அமைப்பாகக் கருதலாம். இதற்கு ‘மூன்றாம் அடுக்கு’ என்று பெயர். கொடுங்கோல் அரசை எதிர்த்துப் போராடும் குழுவும் இதில் அகப்படும். அமெரிக்காவே ஒரு காலத்தில் ஆதரித்த குழுவும் அகப்படும்.

அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர் பர்மாவின் சின் இனக் கிறிஸ்தவப் பெண். ராணுவ ஆட்சியை எதிர்த்த சின் தேசிய முன்னணிக்குப் பணம் கொடுத்திருந்தார். அவரால் அமெரிக்காவுக்கு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் 2006இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அவருக்குத் தஞ்சம் இல்லை என்றது. 2018இல் எல் சால்வடார் பெண் ஒருவரின் வழக்கு. 1990இல் கெரில்லாக்கள் அவரைக் கடத்திப்போய்ச் சமைக்கவும் கூட்டிப் பெருக்கவும் துணி துவைக்கவும் வைத்தார்கள். அதுவும் ‘மெட்டீரியல் சப்போர்ட்’தான் என்றது வாரியம். உதவி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அமைப்பு நிலைத்திருக்கத் துணைபோகும் தன்மை இருந்தால் போதுமாம். அப்படியானால் ‘மெட்டீரியல்’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை என்று ஓர் உறுப்பினர் மாறுபட்டு எழுதினார். நியாயமான கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டை முழுவதும் தமிழின் ‘பொருள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். பொருள் என்றால் பண்டம், செல்வம். ‘ஒரு பொருட்டாக மதி’, ‘பொருட்படுத்து’ என்னும்போது அது கனம், முக்கியத்துவம். திருக்குறளின் ‘பொருள் செயல்வகை’ அதிகாரம் தொடங்குவதே இந்த இரண்டையும் வைத்து விளையாடித்தான்: ஒரு பொருட்டாக மதிக்கப்படாதவரையும் மதிக்கவைப்பது பொருள். ஆகவே ‘பொருளுதவி’ என்று மொழிபெயர்த்தால் வாரியத்தின் பக்கம் சாய்கிறோம். ‘பொருட்படுத்தத்தக்க உதவி’ என்றால் அகதிகளின் வழக்கறிஞர்கள் பக்கம். போதாக்குறைக்கு, ‘பொருளுதவி’ என்றதும் தமிழ்க் காதில் பணம் மட்டுமே விழும். துணி துவைத்துக் கொடுத்தது விழாது. சட்டம் இப்போது செயல்படும் விதத்தைச் சொல்ல ‘பொருள்வழி உதவி’ என்று சற்று அகலமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அழகான தொடர் இல்லைதான்.

இனி ‘ஆதரவு’. இந்தச் சொல்லில் மனம் இருக்கிறது. ஆதரிப்பவர் விரும்பி ஆதரிக்கிறார். ‘ஆதரவாளர்’ என்றால் அணி சேர்ந்தவர். ‘உதவு’ அப்படியல்ல, பயன்படுதல் என்பதோடு நின்றுகொள்ளும். கத்தி உதவும், ஆதரிக்காது. இந்தச் சட்டமோ விரும்பிச் செய்தாரா என்று பார்ப்பதே இல்லை. நெற்றியில் துப்பாக்கி இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான் என்று வாரியம் 2016இல் தெளிவாகவே தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2013இல், ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தது. அவர் விடுதலைப் புலிகளின் மிரட்டலுக்குப் பணிந்து உதவியவர். புலிகளை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது 1997இல். மிரட்டிப் பறிப்பதற்கு ஈழத்துப் பத்திரிகைகளில் ‘கப்பம்’ என்ற கச்சிதமான சொல் இருக்கிறது. கப்பம் கட்டியவரை ஆதரவாளர் என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ‘பயங்கரவாதத்துக்கு ஆதரவளித்ததால் தஞ்சம் மறுப்பு’ என்று தலைப்புப் போடும்போது, சட்டம்கூடச் சொல்லாத பழியை நாமாகவே அவர்மீது சுமத்துகிறோம்.

1951 அகதிகள் உடன்படிக்கையிலும் சிலரை விலக்கிவைக்கும் பிரிவு உண்டு: போர்க்குற்றம், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் போன்றவற்றைச் செய்தவர் என்று கருதப் பாரதூரமான காரணம் இருந்தால் பாதுகாப்பு இல்லை. அங்கே கேள்வி அந்த ஆள் என்ன செய்தார் என்பது. சோறு போட்ட கணக்கு அதில் வராது.

சேர்த்து அறியவேண்டிய இன்னொரு சொல் ‘எக்ஸெம்ஷன்’. விதிவிலக்கு என்று எழுதுவது நல்லது. வெறும் ‘விலக்கு’ என்றால் விலக்கிவைத்ததாகவும் படிக்கலாம். 2007 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் சின் தேசிய முன்னணி, பர்மாவின் இன்னோர் எதிர்ப்புக் குழுவான கரேன் தேசிய ஒன்றியம் உள்ளிட்ட சில குழுக்களைப் பயங்கரவாத வரையறையிலிருந்து நீக்கியது. கட்டாயத்தின் பேரில் செய்த உதவி, மருத்துவ சிகிச்சை, அற்பமான உதவி ஆகியவற்றுக்கு அதிகாரிகள் 2007, 2011, 2014 ஆண்டுகளில் வழி திறந்தார்கள். ஆனால் இதைக் கேட்டு விண்ணப்பிக்கத் தனிப் படிவம் கிடையாது. குடிவரவு நீதிபதியால் வழங்கவும் முடியாது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைதான் தன் விருப்புரிமையில் தரவேண்டும். அது கிடைக்காதவருக்கு மிஞ்சுவது, சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற குறுகிய பாதுகாப்பு மட்டுமே. அதையும் அவர்தான் நிரூபிக்கவேண்டும்.