பூட்டன் வந்த ஊரைத் தேடுகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்து அட்டனில் சட்டத்தரணியாக இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், பெயர்த் திருத்தம், காணிப் பத்திரம் என்று வருகிறவர்களில் சிலர் எழும்பும் நேரத்தில் கேட்பார்கள்: “சேர், எங்க பூட்டன் இந்தியாவுல எந்த ஊருனு தேட ஏலுமா?” பல குடும்பங்களுக்கு ஏலும். ஆனால் முக்கால்வாசிப் பேர் தவறான முனையில் தொடங்குகிறார்கள்.

அவர்கள் முதலில் கேட்பது கப்பல் பட்டியல். பிஜிக்கும் மொரிசியசுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. தகப்பன் பெயர், சாதி, ஊர் எல்லாம் அதில் இருக்கும். சிலோன் பயணத்துக்கோ 1847-லேயே இந்தியாவில் சட்டக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். கோப்பித் தோட்டக் காலத்தில் கங்காணி (தொழிலாளர் தலைவர்) ஆள் சேர்த்தார், இராமேஸ்வரம், தொண்டிப் பக்கம் தோணி ஏறி மன்னாரில் இறங்கினார்கள், காட்டுவழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அதில் தனித்தனியாகப் பெயர் எழுத யாருக்கு என்ன தேவை? ஆகவே 1860-ஆம் ஆண்டுக் கப்பல் பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டுத் தகரப்பெட்டியில் தொடங்குங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் மலையகத் தோட்ட ஆட்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை பெற, மணமானவர் என்றால் 1946-க்கு முந்திய 7 வருடம், மற்றவர் என்றால் 10 வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவேடு) நகல், பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, தோட்டத் துரையின் கடிதம் என்று எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம்கூடத் தாள் சேர்த்தது அப்போதுதான். பெரும்பாலானவற்றை நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்புக் கடிதத்தைச் சிலர் அவமானம் என்று எரித்துவிட்டார்கள். எரிக்காத வீட்டில் அதுதான் மிகப் பழைய சான்று.

அப்புறம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்டது இதில்தான். இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிக்கொடுத்த தாள்களில்தான் ஊர், தாலுகா, ஜில்லா கிடைக்க அதிக வாய்ப்பு. உங்கள் தாத்தா இங்கேயே தங்கியிருந்தாலும் அவருடைய தம்பி நீலகிரிப் பக்கம் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போயிருப்பார். அந்த வீட்டுப் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள்.

பெயரைக் கண்டதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தின் தாள்கட்டுக்குள் ஒரே பாட்டி மூன்று தாளில் மூன்று விதமாக இருந்தார்: லெட்சுமி, லெச்சுமாயி, லட்சுமியம்மா. தோட்டத்துக்குப் பத்து ராமசாமி இருப்பார்கள். தகப்பன் பெயர், மனைவி பெயர், தோட்டம், தோட்டத்தின் எந்தப் பிரிவு (மேல்கணக்கா கீழ்க்கணக்கா) என்பது வரை நாலும் பொருந்தினால்தான் அது உங்கள் ஆள்.

ஜில்லா பெயரிலும் கவனம் வேண்டும். பழைய தாளில் ‘திருச்சி’ என்றால் இன்றைய கரூரோ பெரம்பலூரோ ஆகலாம். இரண்டும் 1995-ல் பிரிந்தவை. ‘சேலம்’ என்றால் நாமக்கல்லையும் பாருங்கள். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம்.

தோட்ட ஆபீஸ் பதிவேடுகளை நான் பெரிதாக நம்புவதில்லை. 1975-ல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போய், 1992-ல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனபோது எத்தனையோ கட்டுகள் காணாமல் போயின. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவைக் கேளுங்கள். ஆங்கிலிக்கன் சபையின் தமிழ் கூலி மிஷன் 1854-லேயே வேலை தொடங்கிவிட்டது.

தாள் எதுவும் இல்லையா? சரி, பெரியவர்களிடம் போங்கள். “எந்த ஊர்?” என்று கேட்டால் “திருச்சிப் பக்கம்” என்பதோடு முடிந்துவிடும். குலசாமி எது, கிடாய் வெட்டா சைவப் படையலா, எந்த மாதம் கும்பிடுவது, கூடவே பங்காளிகள் யார் என்று கேளுங்கள். கருமாதி வீட்டில் தூரத்துச் சொந்தமும் கூடும். அங்கே கேட்டால் ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். பாட்டியின் பிறந்த வீட்டையும் விடாதீர்கள், தாள்களில் அந்தப் பக்கம் அநேகமாக இருக்காது.

ஊர்ப் பெயர் தெரிந்து தமிழ்நாட்டுக்குக் கிளம்பினால் நகல்களை மட்டும் கொண்டுபோங்கள். அங்கே காணி கேட்டு வந்திருக்கிறார்களோ என்று முதலில் சந்தேகப்படுவார்கள், அதனால் கோயில் பூசாரியிடம் பேச்சைத் தொடங்குவது நல்லது.