லேண்ட்மார்க்: எல்லைக்கல்லா, அடையாளமா, மரபுரிமைச் சின்னமா?

ஆன்லைன்ல ஏதாவது ஆர்டர் போடுறப்ப அட்ரஸ் கேக்குற இடத்துல கடைசியா "லேண்ட்மார்க்"னு ஒரு கட்டம் இருக்கும்ல, நாமளும் யோசிக்காம "பிள்ளையார் கோயில் எதிர்ல", "வாட்டர் டேங்க் பக்கத்துல"ன்னு போட்டுட்டுப் போயிடுவோம். அதே சொல்லு நியூயார்க்ல ஒரு சட்டச் சொல்லு. அங்க உங்க கட்டடத்தை சிட்டி லேண்ட்மார்க்னு அறிவிச்சிடுச்சுன்னா, கட்டடம் உங்களோடது, பத்திரம் உங்க பேர்ல, வரி கட்டுறதும் நீங்கதான், ஆனா முகப்புல இருக்குற ஜன்னலை மாத்தணும்னாகூட ஒரு கமிஷன்கிட்ட போய் அனுமதி வாங்கணும். டெலிவரி பண்றவருக்கு வழி சொல்ற சொல்லு எப்படி வீட்டுக்காரர் கையைப் புடிக்கிற சொல்லாச்சுன்னு தேடப் போய்தான் இதை எழுதுறேன்.

பழைய இங்கிலீஷ்ல இது "லேண்ட்மியர்க்". லேண்ட்னா நிலம், மியர்க்னா எல்லை. இன்னைக்கு மார்க்னா குறி, மதிப்பெண்ணுன்னு நினைக்கிறோம், ஆனா அந்தக் காலத்துல அதோட முதல் அர்த்தம் எல்லைதான், டென்மார்க்ங்கிற நாட்டுப் பேர்ல கடைசியில நிக்கிற மார்க்கும் இதேதான், டேன் மக்களோட எல்லைப்புறம். ஆக லேண்ட்மார்க்னா நிலத்துக்கு எல்லை காட்ட நட்ட கல்லு, மரம், மேடு. பைபிள்ல நீதிமொழிகள் 22:28ல முன்னோர் நட்ட பழைய லேண்ட்மார்க்கை நகர்த்தாதேன்னு வரும், தமிழ் பைபிள்ல அந்த இடத்துல "எல்லைக்குறி"ன்னு போட்டிருக்காங்க. ரொம்பச் சரியான தமிழ்.

நமக்கு இதுல புதுசா எதுவும் இல்ல. பல்லவர், சோழர் செப்பேடுகளைப் பாருங்க, ஒரு ஊரைத் தானமா குடுக்குறப்ப பெண் யானையை நடக்கவிட்டு அது சுத்தி வந்த வழியில "கல்லும் கள்ளியும் நாட்டி" எல்லை வச்சதா வரும். சிவன் கோயில் நிலத்துக்கு சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்கு சக்கரம் பொறிச்ச ஆழிக்கல். இந்தக் கல்லை ஏன் சொல்றேன்னா, அது ரெண்டு பேர் நிலத்துக்கு நடுவுல நிக்கும், அதனால ரெண்டு பேர்ல எவனும் தனியா அதைப் புடுங்க முடியாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கடைசியில சட்டம் வந்து நிக்கிற இடமும் இதுதான்.

16ம் நூற்றாண்டு வாக்குல கடலோடிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கிட்டாங்க. கடல்ல இருந்து பாத்தா கரையில எடுப்பா தெரியுற மலை, கோபுரம், அதை வச்சு திசை பிடிப்பாங்க, நம்ம மீனவர்களும் கோயில் கோபுரத்தையும் சர்ச் கோபுரத்தையும் வச்சு இடம் பிடிக்கிறவங்கதான். அங்க இருந்து ஊருக்குள்ள வந்து எடுப்பா தெரியுற கட்டடம் எல்லாம் லேண்ட்மார்க் ஆச்சு. அப்புறம் முக்கியமான தீர்ப்பு, முக்கியமான கண்டுபிடிப்பு எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு, அதைத்தான் நாம தமிழ்ல மைல்கல்லுன்னு சொல்லிச் சமாளிக்கிறோம்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவுல ஒரு பகுதியையே வரைபடத்துல கோடு போட்டு இதுக்குள்ள இருக்குறதை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு முதல்ல சொன்ன ஊரு தெற்கு கரோலினாவுல இருக்குற சார்ல்ஸ்டன், 1931ல. காரணம் என்னன்னு பாத்தா ரெண்டு. ஒண்ணு, கார் வந்த காலம், பழைய வீடுகளை இடிச்சுட்டு பெட்ரோல் பங்க் கட்டிக்கிட்டு இருந்தாங்க. இன்னொண்ணு, வெளியூர் மியூசியங்களும் பணக்காரங்களும் வந்து வீட்டுக்குள்ள இருந்த மர வேலைப்பாடுகளைப் பேத்து விலைக்கு வாங்கிட்டுப் போயிட்டு இருந்தாங்க. (காரைக்குடியில பழம்பொருள் கடைத் தெருவுல செட்டிநாட்டு வீட்டுக் கதவும் தூணும் அடுக்கி வச்சிருக்குறதைப் பாத்தவங்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும்.) சூசன் பிரிங்கிள் ஃப்ராஸ்ட்னு ஒரு அம்மா 1920லயே பழைய வீடுகளைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுல இருந்து வளந்ததுதான் இந்த விதி. ஆனா ஒண்ணைச் சொல்லாம விடக்கூடாது, அவங்க வாங்கிப் புதுப்பிச்ச தெருக்கள்ல அதுவரைக்கும் வாடகைக்கு இருந்த ஏழைக் கறுப்பின மக்கள் வெளிய போக வேண்டி வந்துச்சு. சுவரைக் காப்பாத்தின விதியில சுவருக்குள்ள இருந்தவங்களுக்கு இடம் இல்லாமப் போச்சு, இந்தக் கேள்வி இன்னிக்கு வரைக்கும் இந்தத் துறையை விட்டுப் போகல, போகவும் கூடாது.

நியூயார்க் கதை வேற. 1910ல திறந்த பென் ஸ்டேஷன், ரோமானியக் குளியல் மண்டபம் மாதிரி கல்லுல கட்டினது, அதை 1963 அக்டோபர்ல இடிக்க ஆரம்பிச்சாங்க. அது ஒரு ரயில்வே கம்பெனியோட சொத்து, அவங்க இடிச்சாங்க, தடுக்க ஊருல சட்டமே இல்ல. ஜனங்க ரோட்ல நின்னு கத்துனாங்க, ஒண்ணும் நடக்கல. அந்தக் கோபம் அடங்காமதான் 1965 ஏப்ரல்ல மேயர் வாக்னர் லேண்ட்மார்க்ஸ் சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு. 11 பேர் கொண்ட கமிஷன், குறைஞ்சது 30 வருஷம் ஆன கட்டடமா இருக்கணும், வரலாறோ கலையோ கட்டடக்கலையோ ஏதாவது ஒரு சிறப்பு இருக்கணும். முக்கியமா, உரிமையாளர் சம்மதம் தேவையில்லை. இன்னைக்கு அந்த ஊருல 37,000க்கு மேல கட்டடங்களும் இடங்களும் இந்தச் சட்டத்துக்குள்ள இருக்கு, அதுல பெரும்பாலானது தனித்தனியா அறிவிச்சது இல்ல, ஒரு பகுதியோட சேத்து உள்ள வந்தது.

இதுக்கு உண்மையான பரீட்சை கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்லதான் வந்துச்சு. 1967ல அதை லேண்ட்மார்க்னு அறிவிச்சாங்க, அடுத்த வருஷமே ரயில்வே கம்பெனி அது தலைமேல 50 மாடிக்கு மேல ஒரு டவர் கட்டுறேன்னு வந்து நின்னுச்சு. கமிஷன் முடியாதுன்னுடுச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1978ல 6க்கு 3ன்னு சிட்டி பக்கம் தீர்ப்பு. கம்பெனி சொன்னது, என் சொத்தை நஷ்டஈடு இல்லாம புடுங்குறீங்கன்னு. கோர்ட் சொன்னது, யாரும் எதையும் புடுங்கல, ஸ்டேஷனை ஸ்டேஷனா வச்சு நீங்க வருமானம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கீங்க, மேல கட்ட முடியாத அந்த அளவுக்குக் கட்டுற உரிமையை பக்கத்து மனைகளுக்கு மாத்திக்கவும் வழி இருக்குன்னு. உள்ளூர் விதிக்கு முதுகெலும்பு குடுத்த தீர்ப்பு இது. தேசிய அளவுல 1966ல இருந்து வரலாற்று இடங்களுக்குன்னு ஒரு பதிவேடு இருக்கு, அதுல பேர் வந்தா பெருமை, வரிச்சலுகைகூட கிடைக்கும், ஆனா சொந்தக்காரர் சொந்தக் காசுல இடிச்சா அந்தப் பதிவேடு தடுக்காது. தடுக்குறது நகரத்தோட விதிதான்.

இப்ப தமிழுக்கு வருவோம், எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்குறது இது. "ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்"ங்கிறதை வரலாற்று மாவட்டம்னு மொழிபெயர்க்கிறாங்க. ப்ரூக்ளின் ஹைட்ஸ்தான் நியூயார்க்ல முதல் ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட், 1965 நவம்பர்ல அறிவிச்சது, அது சில தெருக்கள் சேந்த ஒரு குடியிருப்பு, அதைப் போய் மாவட்டம்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு கலெக்டர் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். வட்டாரம்னு நல்ல சொல்லு இருக்கு, அதை எடுத்துக்கலாம்.

லேண்ட்மார்க்குக்கு நினைவுச்சின்னம்னு போடுறவங்க இருக்காங்க. நினைவுச்சின்னம்னா யாரையோ எதையோ நினைக்கணும்னே கட்டினது, ரயில்வே ஸ்டேஷனை யாரும் அப்படிக் கட்டல, அதனால அது ஒட்டாது. அடையாளச் சின்னம் கொஞ்சம் பரவால்ல, ஆனா அது வழி சொல்ற லேண்ட்மார்க்கோட நின்னுடுது. வழி சொல்றதுக்கு வெறும் "அடையாளம்" போதும், "பக்கத்துல என்ன அடையாளம்"னுதானே நம்ம பாட்டி கேட்டாங்க. பாரம்பரியச் சின்னம்னு அரசாங்கம் எழுதுது, பத்திரிகையும் எழுதுது, பரம்பரைங்கிற வடசொல் வழி வந்தது, தப்பில்ல. எனக்குப் பிடிச்சது இலங்கைத் தமிழ்ல புழங்குற சொல்லு, மரபுரிமை. ஹெரிடேஜ்ங்கிறதுக்கு அவங்க அப்படித்தான் சொல்றாங்க. ஹெரிடேஜ்ங்கிற சொல்லே லத்தீன்ல வாரிசுங்கிற சொல்லுல இருந்து வந்தது, மூலத்துல அது வாரிசுக்கு வர்ற சொத்துதான், வெறும் மரபுன்னு சொன்னா அந்தச் சொத்துங்கிற பாதி விட்டுப்போகுது, மரபுரிமையில அது உள்ளயே இருக்கு. அதோட உரிமைன்னு வந்ததும் யாரோட உரிமைன்னு கேள்வியும் கூடவே வருது பாருங்க, அதுதான் இந்தச் சட்டத்தோட உயிரே. சுவருக்கு உள்பக்கம் வீட்டுக்காரருக்கு, வெளிப்பக்கத்துல தெருவுக்கும் ஒரு பங்கு, நடுவுல நிக்குது அந்த எல்லைக்கல்லு. அதனால சட்டப் பொருள்ல லேண்ட்மார்க்னா மரபுரிமைச் சின்னம், ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்னா மரபுரிமை வட்டாரம். கொஞ்சம் நீளம்தான், ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிடுது.

கூடவே வர்ற சில சொல்லு. ப்ரிசர்வேஷனுக்குப் பாதுகாப்புன்னு போட்டா போலீஸ் பாதுகாப்பு மாதிரி கேக்குது, பேணல்னு சொல்லலாம், பேணுறதுல பராமரிக்கிறதும் மதிக்கிறதும் ரெண்டும் இருக்கு. மாத்துறதுக்கு கமிஷன் குடுக்குற அனுமதிக்கு அங்க வச்சிருக்குற பேரை நேரா சொன்னா பொருத்தச் சான்று, நீங்க வைக்கப்போற கதவு அந்த வீட்டுக்கும் அந்தத் தெருவுக்கும் பொருந்துதான்னு பாத்துத் தர்றது. பொருத்தம் பாக்குறது நமக்குத் தெரியாத வேலையா என்ன.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, இடிக்க அனுமதி கிடைக்காதுன்னு தெரிஞ்சதும் கூரை ஒழுகினா ஓடு மாத்தாம, சுவர்ல ஆலஞ்செடி முளைச்சா புடுங்காம, அதுவா விழட்டும்னு விட்டுடுறது. நிறைய அமெரிக்க ஊர் விதிகள்ல இதுவும் குத்தம், இதுக்குத் தனிப்பேரே வச்சிருக்காங்க. சென்னை அண்ணா சாலையில 1897ல கட்டின பாரத் இன்சூரன்ஸ் பில்டிங்கை இடிக்கக் கூடாதுன்னு 2010ல ஹைகோர்ட் சொல்லுச்சு, அந்தத் தீர்ப்புக்கு அப்புறமும் அது வருஷக்கணக்கா பாழடைஞ்சே நின்னுச்சு, அப்ப அந்தப் பக்கம் பஸ்ல போறப்பல்லாம் இதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு யோசிச்சிருக்கேன். "பேணாது இடியவிடல்"னு வச்சிருக்கேன், இதைவிட நல்லதா ஒண்ணு உங்க ஊர்ப் பேச்சுல இருந்தா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.