முயலின் பல் நகம் அல்ல

தீவனத் தட்டைக் கண்டதும் முயல் ஓடி வருகிறது. முகர்ந்து பார்க்கிறது, ஒரு தண்டைக் கவ்வி இரண்டு முறை மெல்கிறது, பிறகு கீழே போட்டுவிட்டு விலகிப் போகிறது. பார்ப்பவர்கள் "இதற்கு இந்தக் கீரை பிடிக்கவில்லை" என்று நினைத்துக்கொண்டு வேறு கீரையை வைப்பார்கள். பசியில்லாத முயல் ஓடி வராது. ஓடி வந்து, வாயில் எடுத்து, விட்டுவிடுகிறது என்றால் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. முதலில் சந்தேகிக்க வேண்டியது பல்லை.

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். உதட்டை விலக்கினால் மேலே 2, கீழே 2 வெட்டுப்பற்கள் தெரியும். மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னும் 2 சிறு பற்கள் ஒளிந்திருக்கும். எலி, அணில் போன்ற கொறிக்கும் பிராணிகளிலிருந்து முயலைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இவைதான். கோரைப்பல் கிடையாது, அந்த இடத்தில் வெறும் ஈறு. அதைத் தாண்டி, கன்னத்தின் மறைவில், 22 கடைவாய்ப்பற்கள். வீட்டில் நாம் பார்ப்பதெல்லாம் முன்பற்களைத்தான். தொல்லை அதிகம் தொடங்குவதோ கண்ணுக்கு எட்டாத அந்த 22 பற்களில்.

நம் பல் ஒருமுறை முளைத்து, வேர் மூடிக்கொண்டதும் வளர்ச்சியை நிறுத்திவிடும். முயலின் பல்லுக்கு அப்படி மூடிக்கொள்ளும் வேரே இல்லை. தாடை எலும்புக்குள் இருக்கும் அடிமுனை சாகும்வரை திறந்தே இருந்து, புதிய பல்லை உருவாக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். கடைவாய்ப்பல்லின் வேகம் அதைவிடக் குறைவு. இவ்வளவு வளர்ந்தும் பல் அதே நீளத்தில் நிற்கிறது என்றால், வளரும் வேகத்திலேயே அது தேய்ந்துகொண்டும் இருக்கிறது என்று பொருள். முயலின் இயற்கை உணவான புல்லில் நுண்ணிய சிலிகாத் துகள்கள் உண்டு. நாள் முழுக்க அதை மெல்லும் பிராணிக்குப் பல் தேயத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட வந்ததுதான் ஓயாத வளர்ச்சி.

எப்படி மெல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முயலின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பல்லோடு பல் சரியாகப் பொருந்தாது. புல்லைத் தின்னும்போது ஒரு பக்கமாகத் தாடையை நகர்த்தி, அம்மியில் குழவி தேய்ப்பதுபோலப் பக்கவாட்டில் இழைக்கும். இதில்தான் கடைவாய்ப்பற்களின் முழுப்பரப்பும் ஒரே சீராகத் தேயும். குருணைத் தீவனத்தையும் கேரட்டையும் தின்னும்போது தாடையின் வேலையே வேறு. உரலில் உலக்கை விழுவதுபோல மேலும் கீழுமாக நொறுக்கும், பக்கவாட்டு அசைவு குறையும். போதாததற்குக் குருணை சீக்கிரமே வயிற்றை நிரப்பிவிடும். மணிக்கணக்கில் மெல்ல வேண்டிய பிராணி சில நிமிடங்களில் தின்று முடித்துவிடுகிறது.

கடினமான பொருளைக் கடித்தால் பல் தேயும் என்று பலர் மரக்கட்டை வாங்கிப் போடுகிறார்கள். பொழுதுபோக்குக்கு நல்லதுதான். ஆனால் கட்டையைக் கடிப்பவை முன்பற்கள். அவை ஒன்றோடொன்று உரசியே கூர்மையாகிக்கொள்ளும். கடைவாய்ப்பல்லுக்குக் கட்டையால் ஒரு பயனும் இல்லை. தீவனம் எவ்வளவு கடினம் என்பதைவிட, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் மெல்கிறது என்பதே முக்கியம். அதனால்தான் உணவில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல், புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும் என்கிறோம். தட்டில் ஒரு பிடி வைத்தால் போதாது, இரவும் பகலும் எப்போதும் எட்டும் இடத்தில் கிடக்க வேண்டும்.

தேய்மானம் குறைந்தால், தேயாத ஓரங்கள் முள்ளாக நீளும். கீழ்ப்பற்களின் முள் நாக்கைக் குத்தும், மேற்பற்களின் முள் கன்னத்தைக் கிழிக்கும். இதற்கு அடுத்த கட்டம் இன்னும் மோசம். மேலே நீள இடமில்லாமல் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொள்ள, வளர்ச்சி பின்னோக்கித் திரும்பி அடிமுனை எலும்புக்குள் இறங்கத் தொடங்கும். கீழ்த்தாடையின் அடி ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். புதிதாகச் சிறு புடைப்புகள் தட்டுப்பட்டால் அதுதான். மேல்தாடையில் கண்ணீர் வடியும் நாளம் பல்லின் அடிமுனைகளை ஒட்டிச் செல்கிறது. அவை நீண்டு நாளத்தை நெரிக்கும்போது கண்ணில் நீர் வழியும். கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மாதங்கள் கழிவது இப்படித்தான். சீழ்க்கட்டி வந்தாலும் முயலின் சீழ் நீர்த்து வடியாது, பாலாடைக்கட்டிபோல இறுகியிருக்கும். அதனால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது, அறுவை தேவைப்படும்.

தீவனம் மட்டுமே காரணம் என்று சொன்னால், கவனமாக வளர்ப்பவர்களுக்கு அது அநியாயம். முகம் குட்டையான குள்ள இனங்களில் மேல்தாடை சுருங்கியிருப்பதால் குட்டியிலிருந்தே முன்பற்கள் பொருந்தாமல் போவதுண்டு. அழகுக்காக முகத்தைக் குட்டையாக்கிக்கொண்டே போவதை என்னால் ஏற்க முடியவில்லை, வலி முழுவதும் அந்தப் பிராணிக்குத்தான். அப்படிப்பட்ட முயலை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது. கீழே விழுந்து அடிபடுவது, கூண்டுக் கம்பியைப் பிடித்து இழுப்பது ஆகியவற்றாலும் பல் திசைமாறும்.

முயல் வலியை வெளியே காட்டாது. வேட்டையாடப்படும் பிராணி தன் பலவீனத்தைக் காட்டினால் பிழைக்காது. நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மோவாய் ஈரமாக இருக்கிறதா, எச்சிலைத் துடைத்துத் துடைத்து முன்னங்காலின் உள்பக்க மயிர் திரிதிரியாகியிருக்கிறதா, உலர்புல்லை விட்டுவிட்டு மென்மையானதை மட்டும் தின்கிறதா, புழுக்கை சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை எடை பார்ப்பதைப்போலப் பயனுள்ள பழக்கம் வேறில்லை. கண்ணுக்குத் தெரியாத மெலிவைத் தராசு காட்டிவிடும்.

முயலின் குடல் தொடர்ந்து இரை வந்தால்தான் இயங்கும். அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால், நாளை பார்க்கலாம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகும்.

இனி நகவெட்டி. முன்பல் நீண்டுவிட்டால் நகம்போல வெட்டிவிடலாம் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நகத்தின் நுனி உயிரற்றது. பல்லுக்குள் உயிருள்ள கூழ் இருக்கிறது. வெட்டும் அழுத்தத்தில் பல் நீளவாக்கில் பிளந்து, விரிசல் அடிமுனைவரை ஓடினால் கிருமி நேராக உள்ளே போய்ச் சீழ்பிடிக்கும். சுழலும் கருவியால் இழைத்துக் குறைப்பதே சரியான முறை. பொருந்தாத முன்பற்களுக்கு இதை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பதிலாக வெட்டுப்பற்கள் ஆறையும் எடுத்துவிடுவதும் உண்டு. கேட்கவே கொடுமையாகத் தோன்றினாலும், முயல் உதட்டால் உணவைப் பற்றி உள்ளே தள்ளி நன்றாகவே தின்னும். காய்கறியை மட்டும் நறுக்கிக் கொடுத்தால் போதும்.

கடைவாய்ப்பல்லை முறையாகப் பார்த்து இழைக்க மயக்க மருந்து தேவை. அடிமுனைகளின் நிலை எக்ஸ்ரேயில்தான் தெரியும். மயக்கத்துக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, பட்டினி குடலைத்தான் நிறுத்தும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையும் கொடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறந்துபோகலாம்.

இழைத்த பிறகும் வாய்ப்புண் ஆறச் சில நாள் பிடிக்கும். அதுவரை மருத்துவர் தந்த வலிநிவாரணியைத் தவறாமல் கொடுத்து, தானாகத் தின்னாவிட்டால் கரைத்த நார்த்தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயோரம் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். அதன்பின் அது தின்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். உலர்புல்லை எடுக்கிறதா, எடுத்தால் தாடை பக்கவாட்டில் போகிறதா என்று அருகில் உட்கார்ந்து கவனியுங்கள்.