மானின் நெஞ்சுக்கூட்டில் அம்பு போகும் வழி

மொரிஷியஸ் காடுகளில் திரியும் மான் அந்த மண்ணின் விலங்கல்ல. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. தமிழ்நாட்டு மலைகளில் உள்ள மிளாவுக்குச் சிறிய உறவு. ஷாசே எனப்படும் தனியார் வேட்டை நிலங்களில் வேட்டை என்றால் பெரும்பாலும் துப்பாக்கிதான். வில்லோடு போகிறவர் சட்டப்படியான அனுமதியையும் உரிமையாளரின் சம்மதத்தையும் வாங்கிய கையோடு, மானின் உடம்பையும் புதிதாகப் படிக்க வேண்டும். துப்பாக்கிப் பழக்கம் இங்கே உதவாது.

குண்டு நொடிக்கு 800 மீட்டர் பாய்ந்து எலும்பையும் தசையையும் சிதறடிக்கிறது. காம்பவுண்டு வில்லின் (கப்பி வைத்த நவீன வில்) அம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வேகம், 30 கிராம் எடை. அதனால் அறுக்கத்தான் முடியும். 60 கிலோ மானுக்கு நாலரை லிட்டர் அளவுக்கு ரத்தம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு போனால் மானால் நிற்க முடியாது. இரண்டு நுரையீரலும் அறுபட்டால் ரத்தமும் போகும், நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரலும் சுருங்கும். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நொடியில் மான் சாய்ந்துவிடும். அம்பு முனையின் அலகு மழுங்கியிருந்தால் குழாய்கள் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும். அலகு முடியை மழிக்கும் கூர்மையில் இருக்க வேண்டும்.

பலரும் தவறுவது எலும்பில். முன்னங்கால் நேராக நிற்பதைப் பார்த்து, தோள் எலும்பும் அதே கோட்டில் மேலே போகிறது என்று நினைக்கிறார்கள். கறி வெட்டும்போது முன்சப்பையைக் கழற்றிப் பாருங்கள். சப்பை எலும்பு முதுகுத் திமிலிலிருந்து முன்பக்கமாகச் சரிந்து கழுத்தடிக்கு வருகிறது. அங்கிருந்து மேற்கை எலும்பு பின்பக்கமாக மடங்கி முழங்கைக்கு இறங்குகிறது. பக்கவாட்டில் படுக்கவைத்த ‘V’ போல, கூர்முனை முன்னால். அதன் பின்னால் வெறும் தசையும் விலா எலும்பும்தான். இதயம் முழங்கைக்குச் சற்று மேலே, நெஞ்சின் அடியில் கிடக்கிறது. நுரையீரல் அதன் மேலே முதுகெலும்பின் அடிவரை நிரம்பியிருக்கிறது. முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே வெற்றிடம் உண்டு என்பது கட்டுக்கதை. திமிலுக்குக் கீழே முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடுகிறது. அதற்கு மேலே பட்ட அம்பு முள்ளெலும்பையும் தசையையும் மட்டும் துளைக்கும். மான் விழுந்து, எழுந்து ஓடிவிடும்.

ஆகவே மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்க வேண்டும். கீழே வைப்பதற்குச் சத்தமும் ஒரு காரணம். 30 மீட்டரில் அம்பு போய்ச்சேர ஏறக்குறைய 0.38 நொடி, நாண் ஒலி 0.09 நொடியில் காதை எட்டிவிடும். பாய்வதற்காக மான் முதலில் கால்களை மடக்கித் தாழும், அரைச் சாண் இறங்க அந்த இடைவெளி போதும். 20 மீட்டருக்குள் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

பின்புறம் நம் பக்கமாகவும் தலை அப்பாலும் இருக்க, சாய்கோணத்தில் நிற்கும் மானே வில்லுக்கு உகந்தது. அப்போது தோலில் புள்ளி தேடாமல், எதிர்ப்பக்க முன்னங்கால் வழியாக அம்பு வெளியேறுவதாக மனதில் கோடு போட்டுக் குறியைப் பின்னே தள்ளுங்கள். நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானுக்கு நாணை விடவே கூடாது. மிராடோர் எனப்படும் வேட்டைப் பரணின் உச்சியிலிருந்து செங்குத்தாகக் கீழே எய்தால் ஒரு நுரையீரல்தான் அறுபடும்; அந்த மான் நெடுந்தூரம் போகும்.

எய்த பிறகு, மானைத் தேடிப் போகும் முன் அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பும் நுரையும் என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்தால் போதும். கரும்சிவப்பு ஈரல், மூன்று, நான்கு மணிநேரம். பச்சைச் சாறும் புளித்த நாற்றமும் என்றால் இரைப்பை. குறைந்தது ஆறு மணிநேரம். அவசரப்பட்டுத் துரத்தினால் மான் எழுந்து சீனக் கொய்யாப் புதருக்குள் நுழையும். அங்கே தரையைப் பார்த்துப் பயனில்லை. ரத்தம் காயத்தின் உயரத்தில் தண்டுகளில்தான் பூசியிருக்கும்.