கட்டளை என்றால் அதட்டல் மட்டுமா?

கல்முனைப் பக்கத்துத் தோல் கிளினிக் ஒன்றில் புதிதாக ஒரு பலகை தொங்குகிறது: ‘தரம் மற்றும் பாதுகாப்புத் தரங்கள்’. மேலே சிங்களத்தில் ஸ்டாண்டர்டுக்கு ‘பிரமிதி’ என்று ஒழுங்காகத்தான் இருக்கிறது; அளவு என்ற வேரிலிருந்து வந்த சொல். தமிழுக்கு வரும்போதுதான் எல்லாம் தரமாகிவிட்டது. பிள்ளை படிப்பது தரம் 5. மருந்துக்கும் தரம். ஆஸ்பத்திரிக்கும் தரம். ஸ்டாண்டர்டையும் அதன் தலையிலேயே கட்டினால் அந்தச் சொல் பாவம் இல்லையா?

ஸ்டாண்டர்ட், பழைய பிரெஞ்சில் போர்க்களத்தில் நட்ட கொடி. அதைப் பார்த்துப் படை திரளும். பிறகு அரசர் வைத்திருந்த மூல அளவைகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. இவ்வளவு போதும்.

ஸ்டாண்டர்டுக்குத் தமிழில் ‘கட்டளை’ என்ற சொல்லே போதும் என்பது என் கட்சி. என் சண்டை ‘தரநிலை’யோடு. இணையத்தில் இறங்கி இப்போது நம் அலுவலகக் கடிதங்களிலும் குடியேறிவிட்டது. நிலை என்றால் ஒன்று வந்து நிற்கிற இடம். நெல் அளக்கிற மரைக்கால் வேறு, அதில் விழுகிற நெல் வேறு; தரநிலை நெல்லைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது மரைக்காலுக்கு ஒரு பெயர். கிளினிக்குக்குள்ளேயே பாருங்கள். காதுமடலில் சிறிதாகக் கீறித் தொழுநோய்க் கிருமி தேடுகிறார்கள். ஒருவருக்குப் பட்ட பிளேட் இன்னொருவருக்குப் படக்கூடாது. கத்தரியும் இடுக்கியும் நீராவியால் கிருமி கொல்கிற ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் 15 நிமிடமாவது இருக்க வேண்டும். பொதியில் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள் தெரிய வேண்டும். (கோடு விழுந்தால் பொதி சூட்டைக் கண்டது என்றுதான் அர்த்தம், கிருமி செத்ததற்கு அது சாட்சியில்லை.) ஊசிப் பெட்டியை முக்கால் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். அந்த 121, 15, முக்கால் எல்லாம் கட்டளைகள். அவசரத்தில் ஒருவர் 10 நிமிடத்தில் நிறுத்தினால் இறங்கியது கிளினிக்கின் தரநிலை. கட்டளை 15இலேயே நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ‘தரநிலை குறைந்துவிட்டது’ என்று அறிக்கை எழுதினால், விதியைத் தளர்த்தினார்களா, வேலையில் தவறினார்களா என்று யாருக்கு விளங்கும்?

‘நியமம்’ பரவாயில்லை. நியமக் கரைசல், நியம விலகல் என்று உயர்தர வகுப்பில் படித்தவர்களுக்குப் பழக்கம். வடசொல் என்பதற்காக மட்டும் அதைத் தள்ளமாட்டேன். ஆனால் கிளினிக் துண்டோடு வரிசையில் இருக்கிற ஆச்சிக்கு நியமம் என்றால் விரதம்தான் ஞாபகம் வரும். ‘தராதரம்’ இங்கே க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) பரீட்சையோடு ஒட்டிப்போய்விட்டது; அதை விட்டுவிடலாம்.

கட்டளையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொருள்களுக்கு எஸ்.எல்.எஸ். முத்திரை கொடுக்கிற நிறுவனத்தின் தமிழ்ப் பெயரே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம். அதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்ற குறளைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவர்கள்தான். அங்கே கட்டளைக்கல் பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கிற உரைகல். வள்ளுவர் யாரையும் அதட்டவில்லை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒற்று நீங்கலாக அடிக்கு 16 எழுத்து அல்லது 17. அடியின் முதல் அசை நேரா நிரையா என்பதைப் பொறுத்தது. எண்ணிப் பார்த்துச் சரி, பிழை சொல்லலாம். செங்கல் அறுக்கிற அச்சுக்கும் கட்டளை என்று பெயருண்டு. உரைக்க, எண்ண, வார்க்க என்று மூன்றிலும் அளவுகோல் வேலையையே இந்தச் சொல் பார்த்திருக்கிறது.

கட்டளை என்றால் ஓடர், அதாவது உத்தரவு, மாதிரி இருக்கிறதே என்பார்கள். சரி, நாடாளுமன்ற நிலையியற் கட்டளை ஓடர்தான், மறுக்கவில்லை. விரும்பினால் பின்பற்றலாம் என்கிற குறிப்புகளுக்கு ‘வழிகாட்டல்’ இருக்கிறது, அதைப் போடுங்கள். ஆளுக்கொரு ஊசி என்பது விருப்பத்துக்கு விட்ட விஷயமா? அங்கே கொஞ்சம் அதட்டலும் சேர்ந்து கேட்டால் நல்லதுதான்.

மொழிபெயர்ப்பவர்கள் கிளினிக்குக்குள் போய், தாதியிடம் இது என்ன விதி என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. கணினி தந்த முதல் சொல்லை அப்படியே பலகைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ‘தரக் கட்டளைகளும் பாதுகாப்புக் கட்டளைகளும்’ என்று எழுதினால் பலகையில் இடம் போதாதா? ‘மற்றும்’ என்பதையும் அப்படியே அழித்துவிடலாம். அது தனிச் சண்டை.