வீட்டை இடிக்கிறீர்களா? இடிபாடு யார் கணக்கில் என்று முதலில் பாருங்கள்

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா பழைய ஓட்டு வீட்டை இடித்தார். இடிப்புக்காரர் இரண்டே நாளில் நிலை, ஜன்னல், உத்திரம், கம்பி எல்லாவற்றையும் கழற்றி ஏற்றிக்கொண்டார். மிச்சத்தை ஜேசிபி வைத்து அள்ளி, ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டார். நோட்டீஸ் வந்தது அம்மா பெயருக்கு. "கழிவையும் சேர்த்துத்தானே பேசினோம்" என்று போனில் அழுதார். பேசியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சட்டக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 2016-இல் மத்திய அரசு கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்று விதிகள் போட்டது. அவற்றுக்குப் பதிலாக 2025-இல் புதிய விதிகளை அறிவித்தது. அவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ உள்ள திட்டங்களுக்கு இதில் இணையப் பதிவும் மறுசுழற்சி இலக்கும் உண்டு.

இங்கேதான் முதல் குழி. "20,000 மீட்டருக்குத்தானாம், நமக்கில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். பதிவும் இலக்கும்தான் உங்களுக்கு இல்லை. ரோட்டில், வாய்க்காலில், நீர்நிலையில் கொட்டினால் உள்ளாட்சி போடும் அபராதம் ஒற்றை அறை வீட்டுக்கும் வரும்.

இரண்டாவது குழி 20 டன். ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன் கழிவு வந்தால், இடிக்கும் முன்பே உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது பழைய 2016 விதி. அதைப் படித்தவர்கள் "நம்ம வீட்டில் ஏது 20 டன்" என்று சிரித்தார்கள். 10 அடி நீளம், 10 அடி உயரம், ஒன்பது அங்குலம் கனமுள்ள ஒரே ஒரு செங்கல் சுவர் ஏறக்குறைய 4 டன். ஐந்து சுவர் சாய்ந்தால் கணக்கு முடிந்தது. உள்ளாட்சி அலுவலகக் கவுன்ட்டரில் இன்று எந்த எண்ணைச் சொன்னாலும், எந்த ஆண்டு விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் என்றதும் அலைச்சல் ஆரம்பிக்கும். பொறியியல் பிரிவு சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பும். சுகாதாரம், "கட்டட அனுமதி பார்ப்பவரைப் பாருங்க" என்னும். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். நாற்காலி நாற்காலியாகப் போகாதீர்கள். எங்கே கொட்ட வேண்டும், டன்னுக்கு என்ன கட்டணம், எந்தத் தீர்மானத்தின்படி என்ற மூன்று கேள்விகளை ஒரே மனுவில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமை மனு. அதற்கு 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஆகவே இடிக்கும் தேதியைக் குறிக்கும் முன்பே மனு போய்விடட்டும்.

இடிப்புக்காரரோடு போடும் ஒப்பந்தத் தாளில் கழற்றும் வரிசையையும் எழுதுங்கள். முதலில் மரம், ஒயர், குழாய். பிறகு ஓடு, நல்ல செங்கல். கடைசியில்தான் கான்கிரீட். எல்லாவற்றையும் ஒன்றாகச் சாய்த்தால் அது உடைத்து மறுபடி பயன்படுத்தும் ஜல்லியாகாது, வெறும் குப்பை. பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு) கலந்தால் இன்னும் மோசம். அதிலுள்ள சல்பேட் புதுக் கான்கிரீட்டைக் கெடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை யாரும் சுத்தியலால் தட்ட விடாதீர்கள். நனைத்து, முழுசாக இறக்கி, தனியே வைக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலை விட்டுப் போகாது.

ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டு, வண்டி எண், கழிவை வாங்கிக்கொண்ட இடத்தின் ரசீது. மூன்றும் கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

புதுவீட்டுக்கு மறுசுழற்சி ஜல்லி கேட்டால், "அதெல்லாம் அனுமதி இல்லை" என்று யாராவது கையை விரிப்பார். ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 383, 2016 பதிப்பைக் காட்டுங்கள். பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியை, கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 என்ற வலிமைத் தரம்வரை 20 சதவீதம் சேர்க்கலாம். கம்பி இல்லாததில் 25 சதவீதம். தரைக்கு அடியில் போடும், சிமென்ட் குறைந்த லீன் கான்கிரீட்டில் நூறு சதவீதமும் அதுவாகவே இருக்கலாம்.